மண்புழுவுக்கு யாருங்க பாடிகார்டு?

ஹாஸ்டல் ரூம் கதவைத் திறந்ததும் மூக்கைப் பொத்த வைக்குதே ஒரு வாசனை... அது எங்கிருந்து வருது? சாக்ஸ்! பத்து நாள் துவைக்காம ஓட்டுற நம்ம இனத்துக்காகவே வந்ததுதான் 'நாத்தம் அடிக்காத சாக்ஸ்'. நூலில் வெள்ளி நானோ துகள்களை ஏற்றியிருப்பாங்க. 100 நானோமீட்டருக்கும் குறைவான சைஸ். அதிலிருந்து கசியும் வெள்ளி அயனிகள், நாத்தத்தைக் கிளப்பும் பாக்டீரியாவைப் போட்டுத் தள்ளிடும்.

சரி, என்னிக்காவது துவைப்போம்ல? 2008-ல் அமெரிக்காவின் அரிசோனா ஸ்டேட் யுனிவர்சிட்டியில் இப்படிப்பட்ட சாக்ஸ்களைத் தண்ணீரில் போட்டுக் குலுக்கிப் பார்த்தாங்க. சிலதிலிருந்து வெள்ளி கழன்று தண்ணிக்கு வந்துடுச்சு! அது சாக்கடை வழியா சுத்திகரிப்பு நிலையம் போகும். பெரும்பங்கு அங்கே கசடில் தங்கிடும். அமெரிக்காவில் அந்தக் கசடை வயலுக்கு உரமாப் போடுறதும் உண்டு. வயலில் குடியிருக்கிறது யாரு? மண்புழு!

பாவம், அதுக்கு நுரையீரல் கிடையாது. மூச்சு விடறது தோலால. சாப்பாடு மண்ணோடதான். உள்ளேயும் வெளியேயும் மாட்டிக்கிச்சு!

இந்த இடத்தில்தான் ஹீரோ என்ட்ரி: மக்கு! வாத்தியார் நம்மைத் திட்டுவாரே, அந்த மக்கு இல்லைங்க. இலை, தழை, சாணம் எல்லாம் மக்கி உண்டாகும் கரிமப் பொருள். இதில் இருக்கும் ஹியூமிக் அமிலங்களுக்கு எதிர் மின்னூட்டம், வெள்ளி அயனிக்கு நேர் மின்னூட்டம். அப்புறமென்ன, கப்புனு பிடிச்சுக்கும். மக்கில் கந்தகம் இருக்கிற இடம்னா பிடி இன்னும் இறுகும். துகள் மேலேயும் ஒரு போர்வை போர்த்திடும். வெள்ளி மண்ணில்தான் இருக்கும். ஆனா புழுவுக்குள்ளே நுழைய அதுக்குக் கை ஃப்ரீயா இருக்காது!

2011-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், புழு உடம்பில் எவ்வளவு வெள்ளி சேரும்னு தீர்மானிச்சதில் துகளின் சைஸைவிட மண்ணின் வகைக்கே முக்கியப் பங்கு இருந்தது. ஆனா மக்கை முழுசா நம்பிடவும் கூடாது. அதே போர்வை, துகள்கள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கட்டியாகாமல் தடுத்து, தண்ணியோட தண்ணியா நகர வைக்கவும் செய்யும்.

இப்போ மேட்டருக்கு வருவோம். மண்புழு டெஸ்டுக்கு ஓ.இ.சி.டி. அமைப்பு 1984-ல் ஒரு செயற்கை மண் ரெசிப்பி கொடுத்தது: மணல் 70%, கயோலின் களிமண் 20%, பீட் என்கிற மக்கிய பாசி 10%. நம்ம ஊர் மண் பரிசோதனையில் கரிமக் கார்பன் 0.5 சதவிகிதத்துக்குக் கீழே போனா 'குறைவு'ன்னு எழுதித் தருவாங்க. அதை 1.724-ஆல் பெருக்கினா கரிமப் பொருள் கணக்கு வரும். சுமார் 0.86%! அங்கே பத்து, இங்கே ஒண்ணுகூட இல்லை. பாடிகார்டு பத்துப் பேர் நிற்கிற மண்ணில் பாஸான துகள், ஒத்த ஆள்கூட இல்லாத மண்ணில் என்ன பண்ணும்?

இன்னொண்ணு. 14 நாள் டெஸ்டில் புழு சாகலைன்னா 'சேஃப்'னு குதிக்காதீங்க. 2004-ல் வந்த இனப்பெருக்க டெஸ்ட் 56 நாள் ஓடும். பெரிய புழுக்களை 28-ம் நாள் வெளியே எடுத்துட்டு, கடைசியில் குட்டிகளை எண்ணணும். பெருசுங்க தெம்பா நெளியும். குட்டிகள் எண்ணிக்கை மட்டும் குறைஞ்சிருக்கும். வாரிசு இல்லாத ஊர் எத்தனை நாள் தாங்கும்?

அதனால, வேப்பிலைச் சாற்றில் வெள்ளி நானோ துகள் தயாரிச்சு, புராஜெக்ட் ரிப்போர்ட்டில் 'சுற்றுச்சூழலுக்கு உகந்தது'ன்னு எழுதப் போற மக்களே... வேப்பிலையில் பிறந்தாலும் வெள்ளி வெள்ளிதான்! ஒரு தொட்டியில் மக்கு நிறைஞ்ச மண், இன்னொண்ணில் உங்க ஊர் வறண்ட காட்டு மண். ரெண்டிலும் புழுவை விட்டு, குட்டியை எண்ணிட்டு அந்த வரியை எழுதுங்க.

அதுவரைக்கும் சாக்ஸ் நாத்தத்துக்கு ஒரு சூப்பர் டெக்னாலஜி இருக்கு. தினமும் துவைக்கிறது!