"டெக்னிக் போதும்"னு நான் சொன்ன பொய்

போன ஆகஸ்ட்டில் முதலாமாண்டு மாணவர்களுக்காக கிளப் ஸ்டால்கள் போட்டபோது, ஜூடோ மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவன் நான். ஒல்லியாக யார் தயங்கித் தயங்கி வந்தாலும் ஒரே வசனம்தான்: "பலமே வேணாம் தம்பி. டெக்னிக் இருந்தா போதும். எதிராளியோட பலத்தையே அவனுக்கு எதிரா திருப்பிடலாம்." நல்லா வேலை செய்த வசனம். நிறைய பேர் பெயர் எழுதிக் கொடுத்தார்கள்.

அதில் ஒருத்தன் 54 கிலோ. மார்ச்சில் ஒரு போட்டியில் 60 கிலோ பிரிவில் இறங்கினான். இரண்டு நிமிஷம் அழகாகத்தான் ஆடினான். மூன்றாவது நிமிஷத்தில் விரல்கள் பிடியை விட ஆரம்பித்தன. அவன் பாதி உள்ளே புகுந்து நின்ற நேரத்தில் எதிராளி மொத்த உடம்போடு மேலே சாய்ந்தான். ஊன்றிய பாதம் மேட்டில் அப்படியே இருக்க, முழங்கால் மட்டும் திரும்பியது. தில்லைநகரில் ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் ஏ.சி.எல். கிழிந்திருந்தது. பார்க்கப் போனபோது கட்டுப்போட்ட காலைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு கேட்டான்: "அண்ணா, டெக்னிக் போதும்னுதானே சொன்னீங்க?" கோபமாகக்கூடக் கேட்கவில்லை. நிஜமாகவே சந்தேகம் கேட்கிற மாதிரி கேட்டான்.

அன்றைக்கு எனக்கு பதில் வரவில்லை. பலம் இருந்திருந்தால் கிழிந்தே இருக்காது என்று சத்தியம் செய்ய முடியாது. நல்ல தயாரிப்பில் இருக்கும் வீரர்களுக்கும் முழங்கால் போகிறது. ஆனால் இடுப்பும் தொடையின் பின்தசையும் பலமாக இருக்கிற காலுக்கு ஆபத்து குறைவு. அந்தப் பலத்தை வளர்க்க ஏழு மாசம் இருந்தது. நாங்கள் அதில் ஒரு நாள்கூட செலவழிக்கவில்லை. காரணம், அது தேவையில்லை என்று நாங்களே நம்பியதுதான்.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது? ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ சின்ன உருவம். பள்ளியில் பெரிய பையன்களிடம் அடிவாங்கியதால்தான் ஜுஜுட்சு கற்கப் போனார். 1882ல் டோக்கியோவில் கோடோகனைத் தொடங்கினார். "மென்மை வன்மையை வெல்லும்" என்பது அந்தப் பாரம்பரியத்தில் வருகிற பேச்சு. ஆனால் கானோ சொன்ன அடிப்படை விதி, இருக்கிற ஆற்றலை மிகத் திறமையாகப் பயன்படுத்து என்பது. ஆற்றலே வேண்டாம் என்று அவர் எங்கே சொன்னார்? அவர் உடற்கல்விக்காகவே வாழ்ந்த மனுஷன். 1909ல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியில் சேர்ந்த முதல் ஆசியர். உடம்பை வளர்க்க வேண்டாம் என்று அவர் தலையில் எழுதிவைத்தது நம்ம மாதிரி ஸ்டால் போடுகிற ஆட்கள்தான்.

பலம் பொருட்டே இல்லை என்றால் எடைப்பிரிவு எதற்கு? 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜூடோ முதன்முதலாக வந்தபோதே மூன்று எடைப்பிரிவுகளும், எடை வரம்பில்லாத ஒரு பிரிவும் இருந்தன. அந்த வரம்பில்லாத பிரிவின் இறுதியில் ஜப்பானின் காமினாகாவை, ஜப்பான் மண்ணிலேயே, ஆறரை அடி உயர டச்சுக்காரர் அன்டன் கெய்சிங்க் வென்றார். இன்றைக்கு ஆண்களுக்கு 7, பெண்களுக்கு 7 பிரிவுகள். விதிகளை எழுதுகிறவர்களுக்கு விஷயம் தெரியும்.

ஜியு-ஜிட்சு பக்கம் இந்தக் கதை இன்னும் இனிப்பாக விற்கப்படுகிறது. பிரேசிலின் ஹெலியோ கிரேசி, பலவீனமான உடம்புக்கு ஏற்றபடி பிடிகளை மாற்றி அமைத்தவர் என்று போற்றப்படுகிறவர். அவர் திறமையில் எனக்கு சந்தேகமே இல்லை. ஆனால் 1951ல் ரியோவின் மரக்கானா அரங்கில் அவரை எதிர்த்து நின்றவர் ஜப்பானிய ஜூடோக்காரர் மசாஹிகோ கிமுரா. எடையிலும் பலத்திலும் பெரியவர், டெக்னிக்கிலும் குறைந்தவர் இல்லை. முடிவு எல்லாருக்கும் தெரியும். ஹெலியோவைத் தோற்கடித்த அந்தக் கைப்பூட்டை இன்றைக்கும் ஜியு-ஜிட்சு உலகமே 'கிமுரா' என்றுதான் கூப்பிடுகிறது. டெக்னிக் பலத்தை வெல்லும், சரி. டெக்னிக்கும் பலமும் சேர்ந்து வந்தால் என்ன செய்வது என்பதை மட்டும் ஸ்டாலில் யாரும் சொல்வதில்லை.

நம்ம பாடத்திலேயே பார்ப்போம். முதல் வருஷ மெக்கானிக்ஸ்தான். எதிராளியின் ஈர்ப்பு மையத்தை அவன் பாதங்களின் தாங்குதளத்துக்கு வெளியே கொண்டுபோவதுதான் 'குஸுஷி', அதாவது நிலைகுலைத்தல். அப்புறம் நம் இடுப்பை அச்சாக வைத்து ஒரு திருப்புவிசை. ஃப்ரீ பாடி டயக்ராம் போட்டால் கண்ணுக்கு அழகாக இருக்கும். ஆனால் நோட்டில் வரைகிற கயிறு அறுந்துபோகாது. மேட்டில் அந்தக் கயிறு உங்கள் விரல். நோட்டில் அச்சு நகராது; மேட்டில் அந்த அச்சு, மடக்கிய உங்கள் இரண்டு முழங்கால். செயோ நாகேவில் 60 கிலோ ஆளை முதுகில் ஏற்றினால், அவன் சும்மா இருந்தாலே 588 நியூட்டன். அவன் சும்மாவும் இருக்க மாட்டான். பாதி உட்கார்ந்த நிலையிலிருந்து அதோடு எழுந்திருக்க முடியாதவனுக்கு செயோ நாகே தெரியும் என்று சொல்வது, நீச்சல் தெரியும் ஆனா தண்ணியில மட்டும் இறங்க முடியாது என்கிற மாதிரி.

இன்னொரு விஷயம் களைப்பு. பெரியவர்கள் ஆட்டம் 4 நிமிஷம். சமனானால் கோல்டன் ஸ்கோர், அதற்கு நேர வரம்பே கிடையாது. களைப்பு முதலில் தின்பது டெக்னிக்கைத்தான். பிடி தளர்ந்ததும் கால் தாமதமாகிறது, இடுப்பு உயர்ந்துவிடுகிறது, பாதி நுழைந்து மாட்டிக்கொள்கிறோம். தம்பிக்கு நடந்தது அதுதான்.

இது மண்டையில் ஓடிக்கொண்டிருந்த நாட்களில்தான் பங்குனித் திருவிழா. எங்கள் பாட்டி வீடு ஸ்ரீரங்கத்தில். ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்துப் போய்விட்டேன். சின்ன வயசிலிருந்து பார்க்கிற புறப்பாடுதான், ஆனால் இந்தத் தடவை கண் நம்பெருமாளைவிட்டு ஸ்ரீபாதம் தாங்கிகளின் தோள் மேலேயே நின்றது. (பெருமாள் மன்னிக்கட்டும்.) பல்லக்குக் கட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு அவர்கள் சும்மா நடப்பதில்லை. சிம்மகதி என்று ஒரு நடை உண்டு. குகையிலிருந்து வெளியே வரும் சிங்கம் மாதிரி நின்று, பார்த்து, நகர்வது. அத்தனை பேரின் கால்களும் ஒரே ஆளின் கால் மாதிரி போக வேண்டும். பங்குனியில் காவிரியைக் கடந்து உறையூர் கமலவல்லி நாச்சியார் சேர்த்தி வரைக்கும் தூக்கிப் போகிறார்கள்.

அந்த நடை முழுக்க முழுக்க டெக்னிக். வருஷக்கணக்கில் பழகினால்தான் வரும். ஜிம்மில் வளர்ந்த நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து தோள் கொடுக்கச் சொன்னால் நாலு அடியில் பல்லக்கு ஆடிவிடும். அதே சமயம், அந்தப் பாரம் தோளுக்கு ஒரு பொருட்டாக இல்லாதவரைக்கும்தான் காலுக்கு நடை ஞாபகம் இருக்கும். தோள் நடுங்க ஆரம்பித்தால் சிம்மமாவது கதியாவது, இறக்கி வைத்தால் போதும் என்றுதான் இருக்கும். மேட்டிலும் அதே கணக்குதான். பலம் மிச்சம் இருந்தால்தான் மூளைக்கு டெக்னிக் பக்கம் திரும்ப நேரம் கிடைக்கிறது.

சரி, அப்போ நேரா ஜிம்முக்குப் போயிடலாமான்னு கேட்டா, அங்கே நடப்பதும் வேறு கூத்து. திங்கட்கிழமை சாயங்காலம் பாருங்கள், பெஞ்ச் பிரஸ்ஸுக்கு வரிசை நிற்கும், ஸ்குவாட் ரேக்கில் துண்டு காயும். கண்ணாடியில் தெரிகிற தசைக்கு மட்டுமே மரியாதை. மல்யுத்த வகை விளையாட்டுகளுக்கு வேண்டியது பெரும்பாலும் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது: முதுகு, இடுப்பு, தொடையின் பின்பக்கம், கழுத்து. இவற்றோடு விரல்.

நான் இப்போது செய்வதைச் சொல்கிறேன். வாரத்தில் மூன்று நாள் மேட், இரண்டு நாள் எடை. ஸ்குவாட், டெட்லிஃப்ட், ரோ மூன்றும் கட்டாயம்; ஒவ்வொன்றும் ஐந்து முறை வீதம் மூன்று சுற்று. முதல் நாள் 20 கிலோ வெற்றுக் கம்பிதான். முதுகு வளையாமல் சரியாக வந்தால் அடுத்த தடவை இரண்டரை கிலோ. இதில் அவமானம் ஒன்றும் இல்லை, இரண்டு மாசத்தில் கம்பியே பதில் சொல்லும். புல்-அப் கம்பியில் நேராகத் தொங்காமல், பழைய ஜூடோ சட்டையை அதன் மேல் போட்டு, இரண்டு பக்கத் துணியையும் பிடித்துத் தொங்குகிறேன். ஏற முடியாதவர்கள் முதலில் தொங்கினாலே போதும். முதல் நாள் 15 விநாடியில் விரல் திறந்துகொண்டது. அன்றைக்குத்தான் தம்பியின் மூன்றாவது நிமிஷம் எனக்குப் புரிந்தது. கழுத்துக்கு, கையை நெற்றியில் வைத்துத் தள்ளி அசையாமல் நிற்பது, அப்புறம் பின்பக்கம், பக்கவாட்டு. கடைசியில் இரண்டு கையிலும் கனமான பிளேட்டோடு நடை. அதற்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் பல்லக்கு.

"தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை இருக்கும்போது இரும்பு எதுக்கு?" என்று கேட்கிற நண்பர்கள் உண்டு. கர்லா எனக்கும் பிடிக்கும். தோள் மூட்டுக்கும் மணிக்கட்டுக்கும் அதுபோல ஒரு சுழற்சி கிடைப்பது கஷ்டம். இந்தியாவில் பார்த்துத்தான் வெள்ளைக்காரர்கள் அதை எடுத்துக்கொண்டு போனார்கள். 1904லும் 1932லும் ஒலிம்பிக்கிலேயே கட்டை சுற்றும் போட்டி நடந்திருக்கிறது. காமா பயில்வான் ஆயிரக்கணக்கில் தண்டாலும் பஸ்கியும் எடுத்தவர் என்பார்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அவர் மண் கொத்தினார், ஆளைத் தூக்கினார், கனமான கதையைச் சுழற்றினார். எண்ணிக்கை மட்டும் கூடிக்கொண்டே போனால் தாக்குப்பிடிக்கும் சக்தி வளரும். பாரம் கூடினால்தான் பலம் வளரும். இரண்டும் வேண்டும். முன்னோர் எல்லாத்தையும் கண்டுபிடிச்சுட்டாங்க என்று சொல்லிக்கொண்டு ஜிம் பக்கம் போகாமல் இருப்பது சோம்பேறித்தனத்துக்கு வேட்டி கட்டிவிடுவது.

இனி சொல்வது கொஞ்சம் சீரியஸ். பலம் ஏற்றுவதைவிட எடை இறக்குவதில்தான் நம்ம பசங்களுக்கு ஆர்வம் அதிகம். போட்டிக்கு முந்தின நாள் ரெயின்கோட் போட்டுக்கொண்டு, தண்ணீர் குடிக்காமல், திருச்சி வெயிலில் கிரவுண்டைச் சுற்றி ஓடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு வருஷம் நானே ஓடியிருக்கிறேன். 1996ல் தென்கொரிய ஜூடோ வீரர் சுங் செ-ஹூன் அட்லாண்டா ஒலிம்பிக்குக்காக எடை குறைத்துக்கொண்டிருந்தபோது இறந்தார். 1997 கடைசியில், ஏறக்குறைய ஒரே மாசத்துக்குள், அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த வீரர்கள் மூன்று பேர் அதே காரணத்தால் இறந்தார்கள். நம்ம வயசுப் பசங்க. அதற்கப்புறம்தான் அங்கே விதிகள் மாறின. 2024 பாரிஸில் வினேஷ் போகத்துக்கு 100 கிராமில் என்ன நடந்தது என்று நாடே பார்த்தது. அவ்வளவு பெரிய குழுவோடு போனவருக்கே அப்படி. நமக்கு டாக்டர் கிடையாது, மெஸ் சாம்பார்தான் உண்டு. கல்லூரிப் போட்டிக்கு அந்த விஷப்பரீட்சை தேவையில்லை. இயல்பான எடையில் இறங்கி, அந்த எடையில் பலமானவனாக இருப்பது மேல்.

பெண்கள் விஷயத்தில் பொய் இன்னும் மோசம். "வெயிட் தூக்கினா உடம்பு ஆம்பளை மாதிரி ஆயிடும்" என்று சொல்லிப் பயமுறுத்துகிறோம். ஒரே விளையாட்டில் ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏ.சி.எல். கிழிவது அதிகம் என்பது விளையாட்டு மருத்துவத்தில் நன்றாகத் தெரிந்த விஷயம். அதாவது பலப் பயிற்சி யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்குத்தான் நம் ஜிம் பூட்டிக்கிடக்கிறது. மாணவிகளுக்கு ஒதுக்கிய நேரம் மதியம் 2 முதல் 3. அந்த நேரத்தில் லேப். 2022 பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் இந்தியாவுக்கு ஜூடோவில் கிடைத்த மூன்று பதக்கங்களில் இரண்டு வெள்ளி, இரண்டையும் வாங்கியது பெண்கள்: 48 கிலோவில் சுசீலா தேவி, 78 கிலோவுக்கு மேல் துலிகா மான். எங்கள் கிளப்பில் சேர்ந்த ஒன்பது மாணவிகளில் இப்போது மிச்சம் இரண்டு பேர்.

கேட்பது பெரிசாக ஒன்றும் இல்லை. ஜிம்மில் துண்டு காய்கிற அந்த ஸ்குவாட் ரேக்கை ஒரு கம்பியோடு ஜூடோ அறைக்கு மாற்றித் தாருங்கள். மாணவிகளுக்கு சாயங்காலம் ஐந்தரைக்குச் சாவி தாருங்கள். மனு எழுதி இரண்டு முறை கொடுத்தாகிவிட்டது. "ஜூடோவுக்கு எதுக்குப்பா வெயிட்டு, அது டெக்னிக் கேம் ஆச்சே" என்றுதான் பதில் வந்தது. நான் ஸ்டாலில் சொன்ன அதே வசனம்.

தம்பி இப்போது ஊன்றுகோல் இல்லாமல் நடக்கிறான். பிசியோதெரபியில் முதலில் கொடுத்தது என்ன தெரியுமா? தொடைத் தசையை இறுக்கிப் பிடிப்பது, சுவரில் சாய்ந்து உட்காருவது, அப்புறம் மெதுவாக ஸ்குவாட். "இதை முன்னாடியே செஞ்சிருக்கலாம்லண்ணா" என்றான். மேட்டுக்குத் திரும்ப இன்னும் மாசங்கள் ஆகும். வருகிற ஆகஸ்ட்டில் ஸ்டாலில் அவனும் உட்காருகிறேன் என்கிறான். மேசை மேல் ஒரு பழைய ஜூடோ சட்டையைக் கம்பியில் மாட்டி வைக்கப் போகிறோம். பெயர் எழுதுவதற்கு முன்னால் எல்லாரும் ஒரு தடவை தொங்கிப் பார்க்க வேண்டும்.