நெசவாளியின் கால்

காவிரிக் கரையில் பவானிக்கு எதிரே அமைந்த குமாரபாளையம் தறியால் வாழும் ஊர். கைத்தறியில் கால் ஓயாது மிதிக்க வேண்டும். விசைத்தறியிலோ வேலைநேரம் முழுதும் நிற்க வேண்டும். தொழிலாளியின் மூலதனமான அக்காலில் இரத்தம் செவ்வனே ஓடுகிறதா என்று கேட்பார் யார்?

நீரிழிவும் புகைப்பழக்கமும் கால் தமனிகளை அடைக்கின்றன. நடக்கையில் கெண்டைக்கால் வலித்து, நின்றால் தணிவது அதன் எச்சரிக்கை. நீரிழிவினால் நரம்பு மரத்தவருக்கு அதுவும் கிட்டாமற் போகலாம். புண் ஆறாது விரல் கருத்த பின்னரே வைத்தியரை நாடுகின்றனர். நமது தேசத்தில் நீரிழிவுடையோர் 10 கோடிக்கு மேல் என 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு மதிப்பிட்டது.

கணுக்காலின் இரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தோடு ஒப்பிடும் எளிய சோதனை உண்டு. விகிதம் 0.9-க்கு மேற்படாவிடில் அடைப்பு இருக்கக்கூடும். ஆனால் நெடுநாள் நீரிழிவில் குழாய்ச்சுவரில் சுண்ணம் படிந்து இறுகுவதால், நோயுற்ற காலும் நலமுள்ளதாகத் தோன்றுவதுண்டு.

இவ்விடத்தில் எம்.ஆர்.ஐ. யந்திரம் கைகொடுக்கக் கூடும். பிராணவாயு ஏற்ற இரத்தமும் அதை இழந்த இரத்தமும் காந்தத்தின்முன் வேறுபடுவதை 1936-இல் பாலிங்கும் கோரியலும் காட்டினர். அவ்வேற்றுமையை 1990-இல் எலியின் மூளையில் படமாக்கினார் ஒகாவா. இன்று ஆராய்ச்சியாளர் தொடையில் பட்டை இறுக்கிச் சில நிமிஷம் இரத்தத்தைத் தடுத்து, பின் தளர்த்தி, கெண்டைத் தசைக்கு இரத்தமும் பிராணவாயுவும் எவ்வளவு விரைவாகத் திரும்புகின்றன என்று அளக்கின்றனர். எக்ஸ் கதிர் இல்லை, மருந்தூசியின்றியும் அளக்கலாம்.

எனினும் இம்முறை பெரும்பாலும் ஆராய்ச்சிக் கூடங்களிலேயே தங்கி நிற்கிறது. யந்திரத்தின் விலையும் ஒரு தடை. பெங்களூரில் உருவான சுதேசி எம்.ஆர்.ஐ. யந்திரம் 2023 ஆகஸ்டில் அறிமுகமாயிற்று என்பது நமக்கு ஊக்கமளிக்கிறது. ஆயினும் யந்திரம் சுதேசியானால் மட்டும் போதாது. அதன் பயன் ஏழைக்கும் எட்ட வேண்டும்.

ஆகவே நாம் கோருவது இரண்டு. குமாரபாளையம் தறித் தொழிலாளருக்கு ஆண்டுக்கொருமுறை கால் சோதனையைச் சர்க்காரும் முதலாளிகளும் கூடி நடத்தவேண்டும். அதற்குப் பெரிய யந்திரம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. எளிய சோதனை விடை தராத கால்களை அளக்கும் ஆராய்ச்சியில், 2022-இல் திறந்த நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி, எம்.ஆர்.ஐ. வசதியுள்ள ஆராய்ச்சி நிலையங்களோடு சேர்ந்து ஈடுபட வேண்டும்.

காலை வெட்டிய பின் கட்டைக் கால் அளிப்பது தர்மமாகலாம். வெட்டாமற் காப்பதே நியாயம்.