பூதிகோட்டையின் குரல்

ஹைதர் அலி பிறந்த ஊர். சரித்திரத்தில் பூதிகோட்டைக்குக் கிடைத்தது இந்த ஒரு வரிதான். கோலார் தங்கச் சுரங்கம் மூடப்பட்ட 2001-ல், அதன் பக்கத்து ஊரான இங்கே ஓர் ஒலிப்பதிவுக் கூடம் திறந்தது. பெயர் 'நம்ம த்வனி'. அதாவது, நம் குரல். பெங்களூரின் 'வாய்ஸஸ்', மைராடா, யுனெஸ்கோ ஆகியவை கைகொடுத்தன.

அலைவரிசைகள் பொதுச் சொத்து என்று உச்சநீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. ஆனால், கிராமத்துக்கு வானொலி உரிமம் தரத்தான் சட்டத்தில் வழியில்லை. ஊர் சளைக்கவில்லை. 2003-ல் கேபிள் கம்பி வழியே நிகழ்ச்சிகள் வீடு தேடிப் போயின.

மைக் பிடித்தவர்கள் உள்ளூர் இளைஞர்களும் பெண்களும். பதிவு செய்யவும், வெட்டி ஒட்டவும் பயிற்சியாளர்கள் கற்றுத் தந்தார்கள். நிர்வாகத்துக்குத் துணை நின்றவர்கள் சுயஉதவிக் குழுப் பெண்கள். விவசாயம், உடல்நலம், நாட்டுப்பாடல் என்று எல்லாம் ஊர்ப் பேச்சிலேயே ஒலித்தன. நாலு பேர் முன் பேசக் கூசியவர்களின் குரலுக்கு ஊரே காது கொடுத்தது. வழிகாட்டிய பெரியவர்கள் மைக்கைப் பிடுங்கிக்கொள்ளவில்லை என்பதுதான் விசேஷம்.

தொண்டு நிறுவனங்கள் சமுதாய வானொலி நடத்த மத்திய அரசு அனுமதித்தது 2006-ல்தான். இளசுகளிடம் பொறுப்பை ஒப்படைக்க அதுவரை காத்திருக்கத் தேவையில்லை என்பதைப் பூதிகோட்டை முன்பே காட்டிவிட்டது.