கணக்கு யாருடையதோ, அவருக்கு மட்டும் தெரியக்கூடாதாம்!

அமெரிக்காவில் ஒருவருடைய வங்கிக் கணக்கு விவரங்களை அரசு சம்மன் அனுப்பி வாங்கிக்கொள்ளலாம். அதுகூடப் பரவாயில்லை. வாங்கியதைப் பற்றி அவரிடம் மூச்சுவிடக்கூடாது என்று வங்கியின் வாயையும் சேர்த்துக் கட்டலாம் என்பதுதான் அநியாயம்.

கதை சாராயத்தில் ஆரம்பிக்கிறது (நிஜமாகவே!). 1973 ஜனவரியில் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு கிடங்கில் தீ. உள்ளே வரி கட்டாத 175 காலன் விஸ்கி, வடிக்கும் சாதனங்கள். கிடங்கை வாடகைக்கு எடுத்திருந்தவர் மில்லர். அவர் கணக்கு வைத்திருந்த இரண்டு வங்கிகளுக்கும் கிராண்ட் ஜூரி சம்மன் போனது. கேட்டதைக் கொடுத்த வங்கிகள் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. 1976-ல் உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்று தீர்ப்பளித்தது: அவை வங்கியின் ஆவணங்கள், மில்லருடையவை அல்ல. காசோலையில் கையெழுத்துப் போட்டவர் யாராம்?

1978-ல் நாடாளுமன்றம் ஒரு நிதி அந்தரங்கச் சட்டம் போட்டது. வாடிக்கையாளருக்கு முதலில் நோட்டீஸ். எதிர்க்க 10 நாள், தபாலில் வந்தால் 14 நாள். நல்ல சட்டம்தானே? ஆனால் கிராண்ட் ஜூரி சம்மனுக்கு விலக்கு! மில்லருக்கு நடந்தது இன்னொருவருக்கு இன்று நடந்தாலும் அந்த நோட்டீஸ் வராது. இன்னும் மோசம், சில வகைக் குற்ற விசாரணைகளில் வங்கி அதிகாரி வாடிக்கையாளரிடம் வாய்திறந்தால், விசாரணையைக் கெடுக்கும் எண்ணம் இல்லாவிட்டாலும் ஓராண்டு வரை சிறை. எண்ணம் இருந்தால் ஐந்தாண்டு வரை.

அமெரிக்கர்களோடு இது நிற்கவில்லை. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்க நிதித்துறை, பெல்ஜியத்தில் இருக்கும் ஸ்விஃப்ட் நிறுவனத்திடமிருந்து உலக நாடுகளின் பணப் பரிமாற்றத் தகவல்களைச் சம்மன் மூலம் வாங்கிக்கொண்டிருந்தது. நீதிபதி கையெழுத்தே தேவைப்படாத சம்மன். 2006 ஜூனில் நியூயார்க் டைம்ஸ் போட்டுடைத்த பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது. ஸ்விஃப்ட் சட்டத்தை மீறிவிட்டது என்று பெல்ஜியத்தின் அந்தரங்கப் பாதுகாப்பு ஆணையம் அதே ஆண்டு சொன்னது.

"முன்கூட்டிச் சொன்னால் திருடன் உஷாராகிவிடுவானே?" நியாயமான கேள்வி. ஆனால் கேட்பது பழைய கணக்கு விவரம். அது வங்கியிடம் பத்திரமாக இருக்கிறது, வாடிக்கையாளர் போய் அழிக்க முடியாது. பணத்தை மாற்றிவிடுவார், ஓடிவிடுவார் என்ற பயமா? நீதிபதியிடம் காரணம் சொல்லி 90 நாள் தள்ளிவைக்க அதே 1978 சட்டம் வழிவிடுகிறது, நீட்டிக்கவும் செய்யலாம். அதன் பிறகாவது சொல்லித்தான் ஆகவேண்டும். குற்றம் சாட்டப்பட்டவருக்கு எப்படியும் ஒருநாள் கோர்ட்டில் தெரிந்துவிடும்; ஒன்றும் கிடைக்காமல் கோப்பு மூடப்பட்டதே, அந்த அப்பாவிக்குத்தான் கடைசிவரை தெரியாது.

விசாரணை முடிந்ததும் அவருக்கு ஒரு கடிதம் போடுங்கள். தபால் செலவை வேண்டுமானால் அவர் கணக்கிலேயே பிடித்துக்கொள்ளுங்கள், எவ்வளவு இருக்கிறது என்றுதான் தெரியுமே!