ரைம்ஸ் போட்டால்தான் சாப்பாடு... 'எஜுகேஷனல்' வீடியோவில் குழந்தை உண்மையில் என்ன கற்றுக்கொள்கிறது?

காலை எட்டரை மணி. வீட்டில் ஒருவர் ஆபீஸ் கிளம்ப வேண்டும். இன்னொருவருக்கு ஒன்பது மணிக்கு மீட்டிங். இரண்டு வயசுக் குழந்தையோ வாயைத் திறக்க மாட்டேன் என்கிறது. தண்ணீர் சொம்பில் போனைச் சாய்த்து வைத்து ரைம்ஸ் போட்டால், பத்தே நிமிஷத்தில் இட்லி காலி. 'வெறும் கார்ட்டூன் இல்லையே, எஜுகேஷனல் வீடியோதானே' என்று மனசும் சமாதானம் ஆகிவிடுகிறது.

அந்தச் சமாதானம்தான் கொஞ்சம் இடிக்கிறது.

போன் கொடுத்தது குற்றமா என்று விசாரிப்பதில் அர்த்தமில்லை. தாத்தா, பாட்டி பக்கத்தில் இல்லாமல், இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் அந்தப் பத்து நிமிஷத்தின் அருமை அனுபவிப்பவர்களுக்குத்தான் தெரியும். ஆனால், 'கல்வி' என்ற பெயரில் வரும் வீடியோ எந்த வயசில், எப்படிக் கற்றுக்கொடுக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது அவசியம்.

'எஜுகேஷனல்' என்று முடிவு செய்வது யார்?

பெரும்பாலும், வீடியோவை அப்லோடு செய்பவர்தான். தலைப்பில் 'லேர்னிங்', 'எஜுகேஷனல்' என்று போட்டுக்கொள்ள யாரிடமும் சான்றிதழ் வாங்க வேண்டியதில்லை.

இதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. அமெரிக்காவில் 1990-களின் பிற்பாதியில் தொடங்கப்பட்ட 'பேபி ஐன்ஸ்டீன்' டிவிடிகள், கைக்குழந்தைகளுக்கானவை என்று சொல்லி விற்கப்பட்டன. 2001-ல் டிஸ்னி அந்த நிறுவனத்தை வாங்கியது. இவற்றால் குழந்தைகள் எதையும் கற்றுக்கொள்வதாக ஆதாரமில்லை என்று குழந்தைகள் நல அமைப்பு ஒன்று தொடர்ந்து குரல் கொடுத்தது. 2009-ல், டிவிடி வாங்கியவர்கள் கேட்டால் பணத்தைத் திருப்பித் தருவதாக டிஸ்னி அறிவித்தது.

இரண்டு வயசு வரை: திரை பதில் சொல்லாது

2003-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பாட்ரீஷியா கூல் குழுவினர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஆங்கிலம் பேசும் வீடுகளில் வளரும் ஒன்பது மாதக் குழந்தைகள் சிலரோடு, சீன மாண்டரின் பேசுபவர்கள் நேரில் உட்கார்ந்து விளையாடினார்கள், புத்தகம் காட்டிப் பேசினார்கள். வேறு சில குழந்தைகளுக்கு அதே ஆட்கள், அதே பேச்சு, ஆனால் வீடியோவில். நேரில் கேட்ட குழந்தைகள் மாண்டரின் ஒலிகளைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டார்கள். வீடியோவில் பார்த்தவர்கள் கற்றுக்கொள்ளவில்லை.

2010-ல் ஜூடி டிலோச் குழுவினர் 12 முதல் 18 மாதக் குழந்தைகளிடம், சொற்கள் கற்றுத்தரும் ஒரு டிவிடியைச் சோதித்தார்கள். ஒரு மாதம் பார்த்த குழந்தைகள், பார்க்காத குழந்தைகளைவிட அதிகச் சொற்களைக் கற்றுக்கொள்ளவில்லை. அதிகம் கற்றுக்கொண்டவர்கள் யார் தெரியுமா? டிவிடியே இல்லாமல், அன்றாட வேலைக்கு நடுவே அப்பா அம்மாவிடம் அதே சொற்களைக் கேட்ட குழந்தைகள். இன்னொரு விஷயமும் தெரியவந்தது. டிவிடி பிடித்துப்போன பெற்றோர், தங்கள் குழந்தை நிஜத்தைவிட அதிகமாகக் கற்றுக்கொண்டதாக நம்பினார்கள்.

ஏன் இப்படி? குழந்தை ஒன்றைக் கை நீட்டிக் காட்டும்போது பக்கத்தில் இருப்பவர், 'ஆமா, காக்கா!' என்கிறார். குழந்தை சிரித்தால் அவரும் சிரிக்கிறார். இந்தப் பதிலில்தான் மொழி வளர்கிறது. திரை குழந்தையைப் பார்ப்பதும் இல்லை, அது சொல்வதைக் கேட்பதும் இல்லை. இரண்டு வயசைத் தாண்டிய குழந்தைகள் வீடியோ காலில் பேசி புதுச் சொற்களைக் கற்றுக்கொண்டதை 2014-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அங்கே எதிர்முனையில் பதில் சொல்ல ஓர் ஆள் இருந்தார். அதனால் ஊரில் இருக்கும் பாட்டியுடன் வாட்ஸ்அப் வீடியோ காலில் பேசுவதையும் ரைம்ஸ் பார்ப்பதையும் ஒரே கணக்கில் சேர்க்கக் கூடாது.

மூன்று வயசுக்கு மேல் கதை வேறு

இந்த வயசில் நல்ல வீடியோவால் பலன் உண்டு. 1969-ல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கிய 'செசமி ஸ்ட்ரீட்' அதற்குச் சாட்சி. அந்த நிகழ்ச்சி நன்றாகத் தெரிந்த ஊர்களில் வளர்ந்த குழந்தைகள், பள்ளியில் வயசுக்கேற்ற வகுப்பில் படிக்கும் வாய்ப்பு கூடியிருந்ததாகப் பொருளாதார ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். 1996-ல் வந்த 'ப்ளூஸ் க்ளூஸ்' நிகழ்ச்சியில், நடத்துபவர் ஒரு கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பார். குழந்தை யோசித்துப் பதில் சொல்ல அந்த இடைவெளி. ஒரே எபிசோடைத் தொடர்ந்து ஐந்து நாள் ஒளிபரப்பினார்கள், காரணம் திரும்பத் திரும்பப் பார்க்கும்போது குழந்தைக்குப் புரிதல் கூடுகிறது.

வேகம் கூடினால் நிலைமை மாறும். 2011-ல் வெளியான ஓர் ஆய்வில், நான்கு வயசுக் குழந்தைகள் வேகமான கார்ட்டூன் ஒன்றை ஒன்பது நிமிஷம் பார்த்தார்கள். உடனே நடந்த சோதனைகளில், படம் வரைந்துகொண்டிருந்த குழந்தைகளைவிட இவர்கள் கவனத்திலும் பொறுமையிலும் பின்தங்கினார்கள்.

யூடியூப்பின் கணக்கு என்ன?

இந்தத் தொழிலில் சென்னைக்கும் பெரிய இடம் உண்டு. இசையமைப்பாளர் சந்திரபோஸின் மகன் வினோத் சந்தர், தன் மகளுக்காகச் செய்த ஒரு அனிமேஷன் வீடியோவில் தொடங்கியதுதான் 'சுச்சு டிவி'. 2013-ல் ஆரம்பித்த அந்தச் சேனல் இன்று உலகம் முழுக்கப் பார்க்கப்படுகிறது. இங்கிருந்து ஓர் அனிமேஷன் நிறுவனம் இவ்வளவு தூரம் போனது பெருமைதான்.

ஆனால், எந்தச் சேனலாக இருந்தாலும் யூடியூப்பில் வருமானம் வருவது பார்க்கும் நேரத்தையும் விளம்பரத்தையும் வைத்து. குழந்தை எத்தனை சொற்கள் கற்றுக்கொண்டது என்பதை யாரும் அளப்பதில்லை. இரண்டு நிமிஷப் பாட்டுகளை ஒன்றாகக் கோத்து ஒரு மணி நேரத் தொகுப்பாகப் போடுவது இதனால்தான். ஒன்று முடிந்ததும் அடுத்தது தானாக ஓடுவதும் இதனால்தான். குழந்தைகளின் தகவல்களைப் பெற்றோர் அனுமதியின்றிச் சேகரித்த புகாரில், 2019-ல் கூகுளும் யூடியூப்பும் அமெரிக்காவில் 17 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டன. அதன்பிறகு குழந்தைகள் வீடியோக்களில் கமென்ட்டும் தனிப்பட்ட விளம்பரமும் நிறுத்தப்பட்டன. 'எஜுகேஷனல்' என்ற லேபிளுக்கு மட்டும் இன்றுவரை கேள்வி கேட்பாரில்லை. அந்த வார்த்தையைப் பயன்படுத்துபவர்களிடம், எந்த வயசுக்கு, எதைக் கற்றுத்தருகிறது என்று சொல்லும் பொறுப்பையாவது தளங்கள் கேட்க வேண்டும்.

எவ்வளவு நேரம் சரி?

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது இது: இரண்டு வயசு வரை திரை வேண்டாம். இரண்டு முதல் நான்கு வயசு வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது. இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் வழிகாட்டுதலும் கிட்டத்தட்ட இதேதான். அதாவது, அந்த ஒரு மணி நேரத் தொகுப்பை ஒருமுறை போட்டாலே அன்றைய கணக்கு முடிந்தது.

அப்போ என்ன செய்யலாம்?

* நிதானமான, ஒரு கதை சொல்லும் வீடியோவைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு நொடிக்கு ஒருமுறை காட்சி மாறினால் தவிர்த்துவிடலாம்.
* ஆட்டோபிளேயை அணைத்துவிடுங்கள். பிடித்த வீடியோக்களை டவுன்லோடு செய்து வைத்தால், எப்போது முடியும் என்பது உங்கள் கையில்.
* முடிந்தபோது கூட உட்கார்ந்து, 'அந்த யானை எங்க போச்சு?' என்று கேளுங்கள். நீங்கள் கேட்கும் கேள்விதான் வீடியோவைப் பாடமாக்குகிறது.
* திரையில் பார்த்ததை வீட்டில் தேடுங்கள். பத்து வரை கடகடவென்று ஒப்பிக்கும் மூன்று வயசுக் குழந்தையிடம் 'மூணு பிஸ்கட் எடுத்துக் கொடு' என்றால் கை நிறைய அள்ளித் தரும். அந்த வயசில் அது இயல்புதான். எண் என்றால் என்ன என்பது பாட்டில் புரிவதைவிட பிஸ்கட்டில் சீக்கிரம் புரியும்.
* சாப்பாட்டு நேரத்தில் முதலில் ஒரு வேளையை மட்டும் போன் இல்லாமல் முயன்று பாருங்கள். சில நாள் அழுகை இருக்கும்.

நிலாவைக் காட்டிச் சோறூட்டிய காலத்தில் நிலா எந்தப் பாடமும் நடத்தவில்லை. ஊட்டியவர் பேசிக்கொண்டே இருந்தார், குழந்தை பதில் சொல்லிக்கொண்டே இருந்தது. இன்றைக்கு எல்லா வேளையும் அதற்கு நேரமில்லை என்பது நிஜம். அதனால் காலை எட்டரை மணிக்குப் போன் கொடுக்க வேண்டி வந்தால் கொடுங்கள். அது உங்களுக்கான பத்து நிமிஷ அவகாசம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அதைக் குழந்தையின் படிப்புக் கணக்கில் மட்டும் எழுதாதீர்கள். அந்தக் கணக்குக்கு, சாயங்காலம் வீடு திரும்பியதும் போனைத் தள்ளி வைத்துவிட்டுப் பேசும் ஒரு பத்து நிமிஷம் வேண்டும்.