முதல் வாரமே சொல்லிவிடுங்கள்

தமிழ்நாட்டில் 2012-13இல் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை வந்த முப்பருவ முறையில் ஒவ்வொரு பாடத்துக்கும் பருவத் தேர்வுக்கு 60, வளரறி மதிப்பீட்டுக்கு 40; அந்த 40இல் பாதி செயல்பாடுகளுக்கு, பாதி சிறுதேர்வுகளுக்கு. செயல்பாட்டுக்கான 20 மதிப்பெண் முழுக்க ஆசிரியர் கையில். எதற்கு எவ்வளவு என்பதை அவர் பள்ளி திறந்ததுமே கரும்பலகையில் எழுதிவிட வேண்டும் என்பது என் கட்சி. எந்தச் செயல்பாட்டுக்குக் கொடுக்கிறோம் என்பதும் முக்கியம். ஆரணி வட்டாரத்தில் பட்டுத்தறி ஓடும் வீடுகளில் பிள்ளைகள் மாலையில் தார் சுற்றிக் கொடுப்பது உண்டு. வீட்டில் செய்து வரும் சார்ட்டுக்கு மதிப்பெண் என்றால், அது நேரமும் காசும் உள்ள வீட்டுக்கே போகும். செயல்பாட்டை வகுப்பிலேயே செய்யவைத்து, அங்கேயே மதிப்பிடுவதுதான் நியாயம்.

முன்கூட்டியே சொன்னால் மதிப்பெண்ணுக்காகவே படிப்பார்கள் என்பார்கள். சொல்லாவிட்டாலும் அதைத்தான் செய்கிறார்கள். கூடவே, ஆசிரியருக்கு எது பிடிக்கும் என்று ஊகித்து அல்லாடுகிறார்கள். நாற்பது பேர் உள்ள வகுப்பில் அங்கேயே மதிப்பிட நேரமேது என்ற கேள்வி இதைவிடக் கனமானது. ஆனால் பல செயல்பாடுகளில் சிறந்தவற்றை மட்டும் கணக்கில் எடுக்க முப்பருவ முறையே இடம் தந்தது. எல்லோரையும் ஒரே நாளில் மதிப்பிட வேண்டியதில்லை. ஆசிரியர்களே, அந்த 20க்கான கணக்கை முதல் வாரமே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள், பெற்றோரிடமும்.