லயனுக்கு மேலே இருக்கும் தாங்கி யாருடையது?

நுவரெலியா மாவட்டத்துத் தேயிலைத் தோட்டங்கள் பலவற்றில் குறைந்தது இரண்டு தண்ணீர்த் தாங்கிகளைப் பார்க்கலாம். ஒன்று தொழிற்சாலைக்கு மேலே இருக்கும், மற்றது லயன்களுக்கு மேலே. இரண்டுக்கும் தண்ணீர் வருவது மலைக்காட்டு ஊற்றுகளிலிருந்துதான். தொழிற்சாலைத் தாங்கி கடைசியாக எப்போது கழுவப்பட்டது என்று கேட்டால் ஒரு பதிவேட்டைத் திறந்து திகதியைக் காட்டுவார்கள். லயன் தாங்கியைப் பற்றிக் கேட்டால், அநேக இடங்களில் பதிவேடும் இல்லை, பதில் சொல்லவேண்டிய ஆளும் இல்லை.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி மலையகத்தைப் புரட்டிப் போட்டது. நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மண்சரிவுகள் வீடுகளையும் வீதிகளையும் மட்டுமல்லாமல் ஊற்றுகளையும் குழாய்களையும் இழுத்துச் சென்றன. நிவாரணமாகத் தண்ணீர்ப் போத்தல்கள் வந்தன. அதன்பிறகு புதிய தாங்கிகள் பற்றிய வாக்குறுதிகள் வருகின்றன. ஏற்கெனவே நிற்கும் தாங்கிகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சேறு புகுந்த தாங்கியை வடித்துக் கழுவிவிட்டுத்தான் மறுபடி நிரப்பினார்களா, வெடித்த சுவரை யார் பார்த்தார்கள் என்ற கேள்விகள் செய்தியாகாமலே கடந்துவிட்டன.

தொழிற்சாலைத் தாங்கி மட்டும் ஏன் சுத்தமாக இருக்கிறது? தேயிலை உலர்ந்த பொருள்தானே, அதற்கும் தண்ணீருக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். கொழுந்தை உருட்டும் அறையிலும் நொதிக்க விடும் அறையிலும் ஈரப்பதம் குறையாமலிருக்கத் தண்ணீரை நுண்துளிகளாகத் தெளிக்கிறார்கள். இயந்திரங்களையும் தரையையும் கழுவுவதும், தொழிலாளர் கை கழுவுவதும் அதே தண்ணீரில்தான். சட்டத்தின் பார்வையில் அது உணவு தயாராகும் இடம். ஐ.எஸ்.ஓ. 22000 போன்ற உணவுப் பாதுகாப்புச் சான்றிதழ் வைத்திருக்கும் தொழிற்சாலையில் தாங்கி கழுவிய திகதி, ஆய்வுகூடப் பரிசோதனை முடிவு எல்லாம் கோப்பில் இருக்கவேண்டும். வெளிநாட்டுக் கொள்வனவாளரின் கணக்காய்வாளர் வந்து புரட்டிப் பார்ப்பார். பார்க்க ஒருவர் வருகிறார் என்பதால் வேலை நடக்கிறது. ரெயின்ஃபொரஸ்ட் அலையன்ஸ் போன்ற சான்றிதழ்கள் தொழிலாளருக்கும் பாதுகாப்பான குடிநீர் வேண்டும் என்கின்றன. ஆனால் கணக்காய்வுக்கு வந்தவர் தொழிற்சாலை வாசலிலிருந்து மேட்டு லயன் வரை ஏறுகிறாரா என்பது வேறு விடயம்.

இந்த வேறுபாடு நேற்று வந்ததல்ல. மின்சாரம் வராத காலத்தில் பல தொழிற்சாலைகள் ஓடையை மறித்து நீர்ச்சக்கரத்தாலும் டர்பைனாலும் இயங்கின. தோட்டத்தின் நல்ல நீர் எது, அது எந்த வழியாகப் போகவேண்டும் என்பதை இயந்திரமும் துரை பங்களாவும் தீர்மானித்தன. லயன்காரர்களுக்குக் கிடைத்தது பீலி. பீலித் தண்ணீரில் குளித்து, அதையே குடித்து வளர்ந்த தலைமுறைகளுக்குத் தாங்கியும் குழாயும் வந்தது உண்மையிலேயே முன்னேற்றம். ஆனால் ஓடும் தண்ணீர் தேங்கும் தண்ணீராகும்போது அதைப் பராமரிக்கும் வேலையும் கூடவே வருகிறது. தாங்கி கொடுத்தவர்கள் அந்த வேலையை யாருக்கும் கொடுக்கவில்லை.

மலைநாட்டு ஊற்றுநீர் மென்மையானது, சற்று அமிலத்தன்மை கொண்டது. அப்படிப்பட்ட நீர் சீமெந்திலுள்ள சுண்ணாம்பை மெல்ல மெல்லக் கரைக்கும். உட்பூச்சு சொரசொரப்பாகி மணல் தெரியத் தொடங்கும். பிறகு நுண்ணிய வெடிப்புகள். அவற்றின் வழியே ஈரம் உள்ளே போய்க் கம்பி துருப்பிடிக்கும். துரு ஏறிய கம்பி பருத்து, மேலே இருக்கும் கொங்கிரீட்டைத் தள்ளி உதிர்க்கும். வெளிச்சுவரில் வெள்ளைக் கோடுகளோ செம்பழுப்புக் கறைகளோ தெரிந்தால் தாங்கி நோயில் விழுந்து கொஞ்சக் காலம் ஆகிவிட்டது என்று அர்த்தம். அதன்மேல் வெளிப்புறமாக ஒரு பூச்சு பூசி நிறமடித்துவிட்டுப் போவதுதான் நம் ஊர்களில் வழக்கமான "திருத்தம்". கசிவு உள்ளேயிருந்து வருகிறது. ஆகவே தாங்கியை வடித்து, உதிரும் பகுதியைக் கொத்தி எடுத்து, கம்பியிலுள்ள துருவைத் தேய்த்து நீக்கி, உட்புறமாகப் பூசவேண்டும். குடிநீருக்கு உகந்த நீர்க்காப்புப் பூச்சுதான் பூசலாம். கூரைக்குப் பூசியதில் மிச்சமிருந்ததை அங்கே பயன்படுத்தக் கூடாது. வேலை முடிந்ததும் நிரப்பி, வாசல் குழாயை மூடி, நீர்மட்டத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு மறுநாள் பார்த்தால் போதும். மட்டம் இறங்கியிருந்தால் கசிவு இன்னும் இருக்கிறது. இதற்குப் பொறியியலாளர் தேவையில்லை.

கசிவைத் தண்ணீர் வீணாகும் பிரச்சினையாக மட்டும் பார்ப்பதுதான் மலையகத்தில் பெரிய ஆபத்து. 10,000 லீற்றர் தாங்கி நிரம்பினால் நீரின் எடை மட்டும் 10 தொன். அதைத் தாங்கும் சரிவுக்குள் கசிவுநீரும், வழிந்தோடும் குழாயின் நீரும் நாள்தோறும் இறங்கினால் மண் ஊறிக்கொண்டே இருக்கும். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் புதையுண்ட பிறகு, அடைமழை பெய்யும்போதெல்லாம் நாம் மலையுச்சியை அச்சத்தோடு பார்க்கிறோம். லயனின் தலைக்கு மேலே, மழையில்லாத நாளிலும் சரிவை நனைத்துக்கொண்டிருக்கும் தாங்கியைப் பார்ப்பதில்லை. வழிந்தோடும் நீரைக் கட்டிய கானுக்குள் கொண்டுபோய்விட ஒரு குழாய்த் துண்டு போதும். பல இடங்களில் அந்தத் துண்டுதான் இல்லை.

சுகாதாரத்துக்கு வருவோம். மூடி உடைந்த தாங்கிக்குள் இலை, தவளை, செத்த எலி எல்லாம் போகும். அடியில் வண்டல் படியும். குளோரின் போட்டாலும் அதன் பெரும்பகுதியை அந்த வண்டலே தின்றுவிடும். அதனால்தான் கழுவாத தாங்கியில் குளோரின் தூளைக் கொட்டிவிட்டு "மருந்து போட்டாச்சு" என்று சொல்வது ஏறக்குறைய பயனற்ற காரியம். உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டி சொல்லும் முறை எளிமையானது. வடித்து, தேய்த்துக் கழுவி, 1,000 லீற்றருக்கு 80 கிராம் வீதம் செறிவுகூடிய குளோரின் தூளைச் சேர்த்து நிரப்பி, 24 மணிநேரம் விடவேண்டும். 10,000 லீற்றர் தாங்கிக்கு 800 கிராம். நம்மிடம் கிடைக்கும் சாதாரண டி.சி.எல். தூளின் செறிவு குறைவு என்பதால், 30 சதவீதக் குளோரின் இருந்தால்கூட சுமார் 1.7 கிலோ வேண்டும். அந்தத் தண்ணீரைக் குடிக்கக்கூடாது. முழுதாக வெளியேற்றிவிட்டுப் புதுநீர் நிரப்பவேண்டும். அதன்பிறகு நாளாந்தம் குழாய் வாயில் லீற்றருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிஞ்சியிருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

அந்த 24 மணிநேரம் லயனில் தண்ணீர் இருக்காது. இதைச் சொல்லாமல் விடக்கூடாது. தண்ணீர் சுமப்பது பெண்களின் வேலையாகவே இருக்கும் இடத்தில், கொழுந்து பறித்து வந்த பிறகு குடத்தோடு பீலிக்கு நடப்பவரும் அவர்தான். முன்னறிவித்தல் இல்லாமல் தாங்கியை வடித்தால் அடுத்த முறை அவர்களே வேண்டாம் என்பார்கள். ஒரு பெரிய தாங்கிக்குப் பதிலாக இரண்டு சிறிய அறைகள் கட்டியிருந்தால் ஒன்றைக் கழுவும்போது மற்றது ஓடும். தொழிற்சாலைக்குக் கட்டியவர்களுக்கு அந்த யோசனை இருந்திருக்கிறது.

தாங்கிக்குள் இறங்குபவரைப் பற்றியும் பேசவேண்டும். 2018 ஏப்ரலில் ஹொரணை பெல்லப்பிட்டியவில் இறப்பர் தொழிற்சாலையொன்றின் தொட்டியில் அமோனியா தாக்கி 5 பேர் இறந்தார்கள். உள்ளே அகப்பட்டவரைக் காப்பாற்றப் போன ஊராரும் அவர்களில் அடக்கம். குடிநீர்த் தாங்கியில் அமோனியா இல்லைதான். ஆனால் சின்ன மூடி வழியாக இறங்கும் இருண்ட அறை, அதற்குள் கரைக்கும் குளோரின், வாசலில் ஓடும் பெற்றோல் பம்பின் புகை எல்லாம் சேர்ந்தால் ஆள் மயங்கி விழப் போதும். தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் 1942ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. லயன் தாங்கிக்குள் இறங்கும் தோட்டத் தொழிலாளிக்கு ஒரு கயிறும், மேலே நின்று பார்க்க ஒருவரும், கையுறையும் கிடைக்க அது உதவியதாகத் தெரியவில்லை. பெரும்பாலும் ஒருவரைத் தனியாக அனுப்புகிறார்கள். அவருக்கு அன்றைக்கு ஒரு பேர் போடுவதோடு விடயம் முடிகிறது.

சரி, இது யாருடைய வேலை? நிலம் அரசுடையது. 1992இல் தோட்டங்கள் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் கைக்குப் போயின. வீடமைப்பையும் நலன்புரியையும் பார்க்கப் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் இருக்கிறது. பல தாங்கிகளில் அதன் பெயரும், பணம் கொடுத்தவர்களின் பெயரும், திறந்துவைத்தவரின் பெயரும் கல்லில் இருக்கின்றன. 2015இல் தொடங்கிய உலக வங்கியின் நீர் வழங்கல் திட்டம் நுவரெலியா உட்பட 7 மாவட்டங்களில் வேலை செய்தது. கிராமங்களில் அப்படிப்பட்ட திட்டங்கள் மக்கள் சங்கமொன்றிடம் கையளிக்கப்படும். சங்கம் மாதக் கட்டணம் வாங்கிப் பராமரிக்கும். தோட்டத்தில் அதே முறையைக் கொண்டுவந்தால், ஊற்றும் குழாய்போகும் வழியும் தாங்கி நிற்கும் துண்டும் கம்பனியின் குத்தகை நிலத்தில் இருக்கும். தனக்குச் சொந்தமில்லாத நிலத்தில் இருக்கும் தாங்கியைச் சங்கம் எப்படித் திருத்தும்?

பிரதேச சபைகள் முன்பு சட்டத்தைக் காட்டித் தப்பின. 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டங்களுக்குள் சபை நிதியைச் செலவிடத் தடையாக இருந்தது. 2018இல் அது திருத்தப்பட்டது. நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை என்று புதிய சபைகளும் வந்தன. 2025 மே மாதத் தேர்தலில் தெரிவான உறுப்பினர்கள் அவற்றில் இருக்கிறார்கள். இன்றைக்குச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் தோட்டத்து வீதிக்குக் கொங்கிரீட் போடும் ஆர்வம் தாங்கி கழுவுவதில் இல்லை. வீதிக்குப் பெயர்ப்பலகை வைக்கலாம், கழுவிய தாங்கிக்கு வைக்க முடியாது.

தொழிற்சங்கங்களும் இதில் குற்றமற்றவை அல்ல. 2021இல் சம்பளத்தைச் சம்பள நிர்ணய சபை தீர்மானித்ததும் கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகின. அதோடு நலன்புரி விடயங்களைப் பேசும் மேசையும் போய்விட்டது. அதன்பின் 1,000 ரூபாய், 1,350 ரூபாய், இந்த ஆண்டு 1,750 ரூபாய் என்று பேச்சு முழுவதும் நாட்சம்பளத்தைச் சுற்றியே நடந்தது. அது தேவையான போராட்டம். ஆனால் வயிற்றோட்டத்தில் இரண்டு நாள் வேலைக்குப் போகாத தொழிலாளிக்குக் கூடிய சம்பளத்தில் ஒரு பகுதி தண்ணீரோடு போய்விடுகிறது.

என் பார்வையில் முதலில் கேட்கவேண்டியது பணமல்ல, பதிவேடு. தோட்டத்தில் எத்தனை தாங்கிகள், எவ்வளவு கொள்ளளவு, எப்போது கழுவப்பட்டன, நீர் எப்போது பரிசோதிக்கப்பட்டது, முடிவு என்ன என்பவை தொழிற்சாலைக்கு இருப்பதுபோல் ஒவ்வொரு லயன் தாங்கிக்கும் எழுதப்படவேண்டும். எழுதியதைப் பிரட்டுக்களத்தில் எல்லோரும் பார்க்கும் இடத்தில் தமிழில் ஒட்டவேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வரும்போது அதில் கையெழுத்திடட்டும். சான்றிதழ் தருபவர்கள் தொழிற்சாலைக் கோப்போடு இதையும் கேட்கட்டும். தொழிற்சாலைத் தாங்கியைக் கழுவப் போகும் அதே ஆட்களும் அதே பம்பும் அதே வாரத்தில் இன்னும் அரை மைல் மேலே ஏறினால் செலவு பெரிதாகக் கூடப்போவதில்லை.

தென்மேல் பருவ மழை மே மாதக் கடைசியில் ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட் சரிவுகளைப் பிடித்துவிடும். அதன்பிறகு பூச்சு காயாது, ஊற்றுநீரும் கலங்கலாகவே வரும். தாங்கிகளை வடித்துப் பார்க்கக்கூடிய வறண்ட வாரங்கள் அதற்கு முன்னால் சிலவே இருக்கின்றன.